பெரிய வீடு, அல்சூர், பெங்களூரு (குடும்பக் குழு)

பெரியப்பா: எல்லாரும் கவனிக்கவும். பீன்யா குடோன் வாட்ச்மேன் பசப்பா இந்த மாசக் கடைசியோட நிக்கிறார். மகன்கூட ஹாசன் பக்கம் ஊருக்கே போறாராம். வேற ஆள் தேடறதா, இல்ல முரளி சொல்ற மாதிரி கேமரா கம்பெனிகிட்ட ராத்திரி காவலை விடறதா? இன்னிக்கே சொல்லுங்க.

செல்வி அத்தை: ஐயோ பசப்பாவா 😔

கோபி: கேமராதான் ஏற்கெனவே 4 இருக்கேப்பா

முரளி: அது திருட்டுப் போனப்புறம் போட்டுப் பாக்கறதுக்கு கோபி. இது வேற. பெரியப்பா, ராத்திரி 9-ல இருந்து காலைல 8 வரைக்கும் சிஸ்டம் ஆர்ம்ல, அதாவது காவல்ல இருக்கும். கேமரா படத்துல காம்பவுண்டுக்குள்ள நாம ஒரு கோடு போடுவோம், அதை மனுஷனோ வண்டியோ தாண்டினா 10 செகண்ட் கிளிப் கன்ட்ரோல் ரூமுக்குப் போகும். அங்க இருக்கறவர் நம்ம குடோனையே விடிய விடிய பாத்துட்டு இருக்க மாட்டார், அலாரம் வந்தாத்தான் திறப்பார். நிஜமாவே ஆள்னா ஹார்ன் ஸ்பீக்கர்ல கன்னடத்துல அதட்டுவார். நகரலன்னா 112-க்குச் சொல்லிட்டு நம்ம ஆளுங்களுக்கு போன்.

கோபி: அதட்டறதுக்கு அப்பா குரலையே ரெக்கார்ட் பண்ணிக் குடுத்துடலாம்

சரோஜா சித்தி: 😂😂

குமார் மாமா: நாய் தாண்டினா? பீன்யால நாய்க்கா பஞ்சம்

முரளி: நாயை ஓரளவு வடிகட்டிடும் மாமா. தொல்லை சிலந்திதான். இருட்டுல பாக்க கேமராவுல இருக்கற ஐஆர் லைட்டுக்கு பூச்சி வரும், பூச்சிக்காக சிலந்தி லென்ஸ் முன்னாடியே வலை கட்டும். ராத்திரி அது வெள்ளையா பளபளன்னு ஆடும், அலாரம் மேல அலாரம். பத்து பொய் அலாரம் வந்தா பதினோராவதை எவனும் ஒழுங்கா பாக்க மாட்டான். மாசம் ஒரு தடவை காஞ்ச பிரஷ்ஷால தட்டி விடணும். கோட்டையும் ரோடு ஓரத்துல போடக்கூடாது, லாரி ஹெட்லைட் படும். கேட்டுக்கு உள்ள நாலடி தள்ளிப் போடணும். பின்பக்க தார்ப்பாயை ஆடாம இழுத்துக் கட்டணும், இல்லன்னா அதுக்கும் அலாரம் வரும். அப்புறம் வாசல் கேமரா 15 அடி உயரத்துல இருக்கு, அதுல தொப்பிதான் தெரியும், முகம் தெரியாது. 9 அடிக்கு இறக்கணும்.

குமார் மாமா: சரி சரி

ரேவதி: பின்பக்க கேமரா ரெண்டும் ராத்திரி மட்டும் போய்ப் போய் வருதே, அது கேபிள்.

முரளி: அதேதான். பகல்ல ஒழுங்கா ஓடும். இருட்டினதும் ஐஆர் எரிய கரண்ட் கூடுதலா இழுக்கும். அது அலுமினியத்து மேல செம்பு பூசின ஒயர், அவ்வளவு தூரத்துக்கு வோல்டேஜ் விழுந்து கேமரா ரீஸ்டார்ட் ஆகுது. முழுச் செம்பு கேட்6 ஒயர் போட்டா 100 மீட்டர் வரைக்கும் பயமில்ல.

சரோஜா சித்தி: அந்த ஒயர் வாங்கினது யாரு 🙂

கோபி: நான் பில்லுல கையெழுத்து மட்டும்தான் போட்டேன் சித்தி

பெரியப்பா: அது முடிஞ்ச கதை. முரளி, செலவைச் சொல்லு.

செல்வி அத்தை: சனிக்கிழமை கோயில்ல அபிஷேகம். சாப்பாட்டுக்கு எத்தனை பேர்னு சொல்லுங்க

முரளி: ரேட் நாளைக்கு வாங்கித் தரேன் பெரியப்பா. மொத்தம் 8 கேமரா ஆக்கலாம். 2 மெகாபிக்சல், எச்.265 (வீடியோவைச் சுருக்கற முறை), ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் வெச்சா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. எட்டுக்கும் 30 நாள்னா 5.2 டிபி. அதனால 6 டிபி சர்வைலன்ஸ் டிஸ்க். கம்ப்யூட்டர் டிஸ்க் போட்டா 24 மணி நேரமும் எழுதி எழுதி சீக்கிரமே படுத்துடும்.

ரேவதி: கரண்ட்?

முரளி: ஆமா, அதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. ரெக்கார்டருக்கு மட்டும் யுபிஎஸ், மோடம் சாதா பிளக்ல. பெஸ்காம் கரண்ட் போனா பதிவு ஆகும், அலாரம் வெளிய போகாது. ரெக்கார்டர், பிஓஇ சுவிட்ச் (கேமராவுக்கு ஒயர் வழியாவே கரண்ட் குடுக்கறது), மோடம், ரவுட்டர் எல்லாமே ஒரே இன்வர்ட்டர்ல. எல்லாம் சேத்து 100 வாட்ஸ் கிட்ட வரும், நல்ல 150 ஏஎச் பேட்டரி 10 மணி நேரம் தாங்கும். ஃபைபரை வெட்டினா மாறிக்க ஒரு 4ஜி சிம்.

ரேவதி: பாஸ்வேர்டை முதல்ல மாத்துங்க. பழைய டெக்னீஷியன் போன்ல இன்னும் நம்ம குடோன் ஓடுது. ரவுட்டர்ல வெளியாள் நுழையற மாதிரி போர்ட் திறந்து விட்டிருந்தா மூடுங்க. 2016-ல மிராய் வைரஸ் ஃபேக்டரி பாஸ்வேர்ட் மாத்தாத கேமராவாத்தான் தேடித் தேடிப் பிடிச்சுது.

பெரியப்பா: அவனுக்கு எதுக்கு நம்ம குடோன்??

குமார் மாமா: கேஸ்னு வந்தா வாட்ஸ்அப் கிளிப் போதாது. 2023 சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுப்படி ஹேஷ் எண்ணோட (ஃபைலை மாத்தலன்னு காட்டற எண்) சான்றிதழ் வேணும். ரெக்கார்டர்ல இருந்தே எடுக்கணும்.

முரளி: எடுத்துக்கலாம் மாமா. இப்ப பெரிய விஷயம், அலாரம் வந்தா சாவியோட யார் ஓடறதுங்கறதுதான். கன்ட்ரோல் ரூம்ல 3 நம்பர் கேப்பாங்க, வரிசையா. முதல் ஆள் 20 நிமிஷத்துல குடோன்ல நிக்கணும். அல்சூர்ல இருந்து ஆகாது. யஷ்வந்த்பூர்ல இருந்தா ஆகும்.

செல்வி அத்தை: வேலு இருக்கானே

ரேவதி: 🤐

சித்தப்பா: பாகம் பிரிச்சப்ப குடோன் என் பேர்ல இல்ல. ராத்திரி 2 மணிக்கு ஓடறதுக்கு மட்டும் நானா?

செல்வி அத்தை: இங்க வேணாம்டா வேலு

பெரியப்பா: போன் பண்றேன் வேலு. எடு.

கோபி: அம்மா நம்பரைக் குடுங்க. அவங்கதான் 3 மணிக்கே எந்திரிச்சுடறாங்க

முரளி: யார் போனாலும் தனியா உள்ள நுழையக்கூடாது, போலீஸ் வர்ற வரைக்கும் கேட்டுக்கு வெளியதான். இன்னொண்ணு. பசப்பா போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரமாவது ரெண்டும் சேந்து ஓடட்டும். அவர் ரவுண்ட் போறப்ப எல்லாம் அலாரம் வரணும். எங்க வரலையோ அங்க கேமரா கோணம் தப்பு.

சரோஜா சித்தி: அவருக்கு என்ன குடுத்து அனுப்பறோம்? அதை யாருமே கேக்கல

பெரியப்பா: குடுப்போம். பேசிக்கலாம்.

சித்தப்பா: என் நம்பரை மூணாவதா போடு முரளி. முதல்ல இல்ல.

முரளி: சரி சித்தப்பா. முதல் ரெண்டு யாரு?

குமார் மாமா: செல்வி, அபிஷேகத்துக்கு எங்க வீட்ல 4 பேர்னு நீயே எழுதிக்கோ

முரளி: ஒயர் மட்டும் நாளைக்கே ஆர்டர் போடறேன், 305 மீட்டர் பெட்டி ரெண்டு. மீதியை சொல்லுங்க.

கோபி: பில்லுல நான் கையெழுத்து போட மாட்டேன்