பட்டாளத்துப் பசங்க இருக்கற கேமிங் சர்வர்: தற்கொலை பத்தி மெசேஜ் வந்தா மாட் (சர்வரைக் கவனிச்சுக்கறவர்) என்ன செய்யணும்?

லாபி_காவல்:
எங்க டிஸ்கார்ட் (அரட்டை ஆப்) சர்வர்ல பெரும்பாலும் 19–23 வயசுப் பசங்க. பல பேர் அக்னிவீர் (நாலு வருஷ ராணுவ வேலை), சிலர் சிங்கப்பூர்ல என்.எஸ். (கட்டாய தேசிய சேவை). சாவைப் பத்தி யாராவது எழுதினா ஆட்டோமாட் (தானா வேலை செய்யற ஃபில்டர்) மெசேஜைத் தடுத்து, ஆளைக் கொஞ்ச நேரம் எழுத முடியாம டைம்-அவுட்ல போடுது. இது போதுமா? மாட் டீமுக்கு வேற என்ன சொல்லித் தரணும்?

ராத்திரி_மாட்:
டைம்-அவுட்டை முதல்ல எடுங்க. வாயைத் திறந்தவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தற வேலை அது. மெசேஜைத் தடுக்காம, மாட் சேனலுக்கு அலர்ட் மட்டும் வர்ற மாதிரி வைங்க.

அதுலயும் ‘செத்துட்டேன்’, ‘சாவடிச்சுட்டான்’ எல்லாம் வைக்காதீங்க. கேம்ல நிமிஷத்துக்கு ஒருத்தன் அதைத்தான் சொல்வான், ரெண்டே நாள்ல அலர்ட்டை யாரும் பார்க்க மாட்டாங்க. ‘எல்லாருக்கும் பாரமா இருக்கேன்’, ‘இனி என் தொல்லை இருக்காது’ மாதிரி வைங்க. இங்கிலீஷ் எழுத்துல தமிழ் தட்டறவங்களுக்காக ஒவ்வொண்ணுக்கும் மூணு நாலு ஸ்பெல்லிங் சேர்க்கணும். ஃபில்டர்ல சிக்காத அடையாளம் ஒண்ணு உண்டு: வருஷக்கணக்கா சேர்த்த கேம் அக்கவுண்டை திடீர்னு ‘நீயே வச்சுக்கோ’ன்னு கொடுக்கறது.

கவுன்சலிங்_டெஸ்க்:
பேசறது ஒரே ஆள், டிஎம்ல (தனி மெசேஜ்ல). ‘தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?’ன்னு நேராவே கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது. ஆமான்னா, கொலம்பியா கேள்விமுறைல (தற்கொலை ஆபத்தை மதிப்பிடற கேள்விப் பட்டியல்) இருக்கற வரிசைதான்: எப்படின்னு யோசிச்சிருக்கானா, செய்யணும்னு முடிவு இருக்கா, ஏற்பாடு ஏதாவது பண்ணினானா. கடைசி ரெண்டுல ஒண்ணுக்கு ஆமான்னு வந்தா அவனைத் தனியா விடக்கூடாது.

‘அம்மாவை நெனச்சுப் பாரு’ன்னு ஆரம்பிக்காதீங்க. பாரமா இருக்கோம்னு நினைக்கறவனுக்கு அது இன்னொரு பாரம். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’னு சத்தியமும் வேண்டாம், சொல்ல வேண்டி வரும்.

முகாம்_வாசல்:
பட்டாளத்துக்காரன்கிட்ட ‘எங்க இருக்கே?’ன்னு கேட்டா பதில் வராது. இடத்தைச் சொல்லக்கூடாதுன்னுதான் அவனுக்குப் பழக்கியிருக்காங்க. ‘பக்கத்துல யாரு இருக்கா? உன் கூட்டாளி (buddy) நம்பர் கொடு. இப்ப டூட்டியா, ஆயுதம் கையில இருக்கா?’ன்னு கேளுங்க. இருந்தா, திருப்பி ஒப்படைச்சுட்டு ஆள் இருக்கற இடத்துக்குப் போகச் சொல்லுங்க. பாரக்ல அவன் கட்டிலுக்கு நடந்து போகக்கூடியவனை எழுப்பறதுதான் உங்க முக்கியமான வேலை.

அவசர உதவிக்கு 112 கூப்பிட்டா அது உங்க மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். பையன் ராஜஸ்தான்ல இருந்தா அதை முதல் வாக்கியத்துலயே சொல்லி, அங்க மாத்தச் சொல்லணும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்ல போடாதீங்க. 2020-ல ராணுவம் 89 ஆப்களை அழிக்கச் சொன்ன பட்டியல்ல பப்ஜியும் இருந்தது. மாட்டிக்குவோம்ங்கற பயத்துலயே இவங்க வேற பேர்ல உலாவறாங்க. இன்னொரு பயம், டாக்டர்கிட்ட போனா மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கிடும்னு. அக்னிவீர்ல நாலு வருஷம் கழிச்சு அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் எடுத்துக்குவாங்கன்னா அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அதனால யூனிட் வழியாப் போகாம நேரா பேசற டெலி-மானஸ் (அரசு மனநல உதவி எண்) 14416-ஐக் கொடுங்க: 24 மணி நேரம், இலவசம், தமிழும் உண்டு. படைவீரர்களுக்குன்னு புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில 2023 டிசம்பர்ல தனிப் பிரிவே தொடங்கினாங்க.

போலீஸ் கேஸ் ஆகுமான்னு கேப்பான். 2017 மனநலச் சட்டம் பிரிவு 115-படி, வேற விதமா நிரூபிக்கப்படாத வரைக்கும், தற்கொலை முயற்சி செஞ்சவரைக் கடும் மன அழுத்தத்துல இருந்தவராத்தான் கருதணும், இந்திய தண்டனைச் சட்டத்துல வழக்கு நடத்தித் தண்டிக்கக்கூடாது.

காரணம் ஊர்ல நிலத் தகராறா இருந்தா ஆறுதல் மட்டும் பத்தாது. கமாண்டிங் ஆபீசர் வழியா கலெக்டருக்கு மனு போகலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் பணியில இருக்கறவங்க குடும்பத்துக்கு உதவும். லீவு கிடைக்காம தவிக்கிற பையனுக்கு இந்தத் தகவலே பெரிய தெம்பு.

லாபி_காவல்:
சிங்கப்பூர் பசங்களுக்கு?

கவுன்சலிங்_டெஸ்க்:
எஸ்.ஓ.எஸ். (அங்க இருக்கற தற்கொலைத் தடுப்பு உதவி எண்) 1767, 24 மணி நேரமும். உயிருக்கே ஆபத்துன்னா ஆம்புலன்ஸ் 995. அமெரிக்கப் படையில இருக்கறவங்களா இருந்தா 988 அடிச்சு 1 அழுத்தணும். இந்த நம்பர்களை மாட் சேனல்ல பின் பண்ணுங்க. பையனுக்கு மட்டும் அவன் நாட்டு நம்பர் ஒண்ணே ஒண்ணு. பத்து நம்பர் கொடுத்தா ஒண்ணைக்கூட அடிக்க மாட்டான்.

அவன் போன்ல பேசி முடிக்கிற வரைக்கும் டிஎம்ல இருங்க. மறுநாள் எத்தனை மணிக்குப் பேசுவீங்கன்னு சொல்லிட்டு, சொன்ன நேரத்துக்கு மெசேஜ் பண்ணுங்க.