மறு: விவிலிய 'நம்பகத்தன்மை': நான்கு சொல்லுக்கு ஒரே தமிழா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தன்பாலீர்ப்பு குறித்து அமெரிக்கத் திருச்சபைகளில் நடக்கும் விவாதத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கும் தம்பி, கருத்துக் கேட்டு அனுப்பிய வரி இது:

> தன்பாலீர்ப்பு உறவை ஏற்கும் கிறிஸ்தவர்கள் விவிலியத்தின் நம்பகத்தன்மையை மறுக்கிறார்கள் என்பது மறுதரப்பின் குற்றச்சாட்டு.

இதுவரை வந்த பதில்கள் எல்லாம் 'நம்பகத்தன்மை'யா, 'நம்பகம்' போதுமா, 'நம்பத்தக்கமை' எப்படி என்று விகுதியைப் பிடித்து இழுபறி நடத்துகின்றன. சிக்கல் விகுதியில் இல்லை. தம்பி இணைத்திருந்த மூலத்தை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே ரிலையபிலிட்டி, இன்எரன்சி, இன்ஃபாலிபிலிட்டி, அத்தாரிட்டி என்று நான்கு சொற்கள் நான்கு இடங்களில் நான்கு பொருளில் வருகின்றன. தமிழில் நான்கும் 'நம்பகத்தன்மை' ஆகிவிட்டன. மேலே உள்ள வரியின் மூலத்தில் இருப்பது அத்தாரிட்டி. அதை நம்பகத்தன்மை என்று எழுதியதும் குற்றச்சாட்டே வேறாகிவிட்டது. எதிரில் இருப்பவர் நூலைப் பொய் என்று சொன்னதாக ஆகிறது. அவரோ அப்படிச் சொல்லவில்லை.

ஒவ்வொன்றாகப் போகலாம்.

முதலில் ரிலையபிலிட்டி: ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் மூலத்தைக் காப்பாற்றித் தந்தார்களா என்ற கேள்வி. இது நமக்குப் பழக்கமான துறை. உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்பில் 'பி-ம்' என்று சுருக்கி வரும் பிரதிபேதம் இதே வேலைதான். புதிய ஏற்பாட்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப்படிகள் உள்ளன. அவற்றுக்குள் பாடபேதங்கள், அதாவது படிக்குப் படி வேறுபடும் வாசகங்கள், ஏராளம். சில பெரியவை. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்னும் மூவர் பரலோகத்தில் சாட்சியிடுவதாகச் சொல்லும் 1 யோவான் 5:7 பழைய கிரேக்கப் படிகளில் இல்லை. டச்சு அறிஞர் எராஸ்மஸ் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516இலும் 1519இலும் அதைச் சேர்க்காமல் பதிப்பித்து, 1522இல் சேர்த்தார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அது இன்றும் இருக்கிறது. இந்தப் பொருளுக்குப் பாடவுறுதி என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'பாடம்' என்றால் பள்ளிப் பாடம் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தடை சொல்லலாம். 'எனப் பாடம் ஓதுவாரும் உளர்' என்று உரையாசிரியர்கள் எழுதிய மொழியில் அந்தக் கவலை வேண்டியதில்லை.

ஆனால் தம்பியின் கட்டுரைப் பொருளில் பாடவுறுதிக்கு வேலையே கிடையாது என்பதைக் கவனியுங்கள். விவாதத்தின் நடுவில் நிற்பது 1 கொரிந்தியர் 6:9, தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்கள் யார் என்று பவுல் பட்டியலிடும் வசனம்; அதில் சர்ச்சைக்குரிய மலகோய், அர்செனோகோய்தாய் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களிலும் பொருளை மாற்றும் பாடபேதம் எதுவும் இல்லை. ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்ததாகக் கணிக்கப்படும் பி46 பாப்பிரஸ் சுவடியிலேயே அந்தப் பகுதி இருக்கிறது. 'படியெடுத்தவர்கள் மாற்றிவிட்டார்கள், ஆகவே அந்த வசனத்தை விட்டுவிடலாம்' என்று ஒரு பக்கம் சொல்வதும், 'ஆயிரக்கணக்கான பிரதிகள் இருக்கின்றன, ஆகவே வழக்கு முடிந்தது' என்று இன்னொரு பக்கம் சொல்வதும் தப்பான கதவைத் தட்டுவதுதான். ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்திருப்பதால் தமிழ் வாசகருக்கு இது தெரியாமலே போகிறது.

அடுத்தது இன்எரன்சி, அதாவது நூலில் பிழையே இல்லை என்ற கொள்கை.

> 'பிழையின்மை' போதாதா? எல்லாச் சபைகளிலும் 'வேதம் பிழையற்றது' என்றுதானே சொல்கிறோம்?

நாகர்கோவில் ஐயா கேட்டது நியாயம்தான். பேச்சுக்கு அது போதும். கலைச்சொல் என்று வரும்போது எழுத்துப்பிழை, அச்சுப்பிழை எல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். 1978இல் சிகாகோவில் இருநூறுக்கும் மேற்பட்ட சுவிசேஷத் தலைவர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிப்பாகப் பார்த்தால் தெய்வ ஏவுதல் ஆசிரியர் கையால் எழுதிய மூலப்படிக்கே உரியது என்று அது வரையறுக்கிறது. படியெடுத்தவர் தவறும் மொழிபெயர்த்தவர் தவறும் அதில் சேராது. முழு எண்ணாகச் சொன்ன கணக்கு, மிகைக்கூற்று, கண்ணுக்குத் தெரிந்தபடி இயற்கையை விவரிப்பது, இலக்கணம் பிசகுவது, இவையெல்லாம் பிழைக் கணக்கில் வரமாட்டா என்றும் ஒரு பிரிவில் சொல்கிறது.

நன்னூல் படித்தவருக்கு இது எங்கோ கேட்டது போல இருக்குமே! திணை, பால், இடம், பொழுது, வினா, இறை, மரபு என ஏழு வழு. அவை இல்லாமல் அமைவது வழாநிலை. வழுவாகத் தோன்றினாலும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசுவைப் பார்த்து உவப்போடு 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழு, ஆனால் அமைதி பெறும். சிகாகோக்காரர்கள் பட்டியலிட்டது வழுவமைதிகளைத்தான். ஆகவே இன்எரன்சிக்கு வழாநிலை, அவர்கள் காட்டும் விலக்குகளுக்கு வழுவமைதி. இரண்டும் நம்மிடம் தயாராக இருக்கின்றன. புதிதாக வார்க்க வேண்டியதில்லை. 'வழுவாமை' வேண்டாம். 'நெறி வழுவாமல்' என்பதில் அது நடத்தையைத்தான் குறிக்கிறது, கூற்றின் மெய்மையை அல்ல.

இன்ஃபாலிபிலிட்டியில் அதிகம் நிற்கப் போவதில்லை. கத்தோலிக்க வழக்கில் 'தவறா வரம்' இருக்கிறது, அதையே நூலுக்கும் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் போதனை அதிகாரத்துக்கு அறிவித்தது அது. வரம் ஆளுக்குக் கொடுப்பது, நூலுக்குப் பொருந்தாது. தம்பியின் கட்டுரையில் அந்தச் சொல், 'வரலாறு, அறிவியல் விவரங்களில் பிசகினாலும் விசுவாசத்திலும் வாழ்விலும் நூல் வழிதவறச் செய்யாது' என்ற பொருளில் வருகிறது. நெறிபிறழாமை என்று போடலாம்.

இப்போது அத்தாரிட்டி. நம் கிறிஸ்தவத் தமிழில் இதற்கு 'வேதத்தின் அதிகாரம்' என்பார்கள். அதே புத்தகத்தில் 'அதிகாரம்' என்றால் முதலாம் அதிகாரம், இரண்டாம் அதிகாரம். 'பவுல் ஆறாம் அதிகாரத்தின் அதிகாரத்தை' என்று ஒரு வரி வந்தால் தாங்குமா? நான் முன்வைப்பது உரையளவை. காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நூல் சொல்வது) என்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளைச் சொல்லும் சைவ சித்தாந்த வழக்கு. ஒன்றை மெய்யென்று அறிய நூலுரையைக் கருவியாகக் கொள்வது உரையளவை.

> சைவத் தருக்கச் சொல்லைக் கிறிஸ்தவ இறையியலில் கொண்டுவந்து வைத்தால் வாசகர் ஏற்பார்களா?

அக்கா, வேதாகமத்தின் முதல் புத்தகத்தின் பெயர் ஆதியாகமம். அடுத்து யாத்திராகமம், பிறகு உபாகமம். ஆகமத்தையும் வேதத்தையும் சேர்த்துத்தான் நூலின் பெயரே அமைந்திருக்கிறது. அங்கே உறுத்தாதது அளவையில் உறுத்தாது.

இந்தச் சொல்லை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. வழக்கின் உண்மையான முடிச்சு எங்கே என்று இது காட்டிவிடுகிறது. புதிய ஏற்பாட்டு அறிஞர் லூக் திமோதி ஜான்சன் கத்தோலிக்கர். தன்பால் உறவுகளை ஏற்பவர். 2007இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் சுற்றிவளைக்கவில்லை. மறைநூலின் நேரடிக் கட்டளைகளை நாம் தள்ளத்தான் செய்கிறோம், வேறோர் அதிகாரத்தை, அதாவது மனிதர்களின் வாழ்ந்த அனுபவத்தை, ஆதாரமாகக் கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். நம் சொல்லில் சொன்னால், உரையளவையும் காண்டலும் முரண்படும்போது எது வெல்லும் என்ற கேள்வி. பாடவுறுதியில் அவருக்கும் எதிர்த்தரப்புக்கும் சண்டையே இல்லை. 1998 லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்கன் ஆயர்கள் தன்பால் உறவு மறைநூலோடு இசையாது என்று 526க்கு 70 என்ற வாக்கில் தீர்மானித்தபோதும் நின்றது இதே அளவைதான். தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உறுப்பு என்பதால் நமக்கும் அது அயல்வீட்டுச் செய்தி அல்ல.

உரையளவையை முழுமையாக ஏற்றுக்கொண்டே 'அந்த உரை இதைப் பற்றிப் பேசவில்லை' என்று வாதிடுபவர்களும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் மாத்யூ வைன்ஸ் அந்த வகை. ஜான்சனையும் வைன்ஸையும் 'நம்பகத்தன்மையை மறுப்பவர்கள்' என்று ஒரே கூட்டில் அடைப்பது இருவருக்குமே அநீதி.

கடைசியாக, தம்பி ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போன கேள்வி:

> பழைய மொழிபெயர்ப்பின் 'ஆண்புணர்ச்சிக்காரர்' கொச்சையாக இருக்கிறது. பால்புதுமையினர் குறித்த சொற்களுக்குத் தமிழக அரசின் பட்டியல் வந்துவிட்ட பிறகு 'தன்பாலீர்ப்பாளர்' என்று மாற்றிவிடலாமே?

தயவுசெய்து மாற்றாதீர்கள். இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். நோக்கம் நல்லது, விளைவு நேர்மாறு.

அந்த வசனம் பழைய தமிழில், 1871 மொழிபெயர்ப்பில், இப்படி: 'வேசிமார்க்கத்தாரும், விக்கிரகாராதனைக்காரரும், விபசாரக்காரரும், சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்'. கடைசிச் சொல்லுக்குக் கிரேக்கம் அர்செனோகோய்தாய். 'ஆண்' என்பதும் 'படுக்கை' என்பதும் சேர்ந்த தொகை. பவுலுக்கு முன் இந்தச் சொல் வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆண்களின் பரத்தமையைத்தான் இது குறிக்கிறது என்று வரலாற்றாசிரியர் ஜான் பாஸ்வெல் 1980இல் வாதிட்டார். டேவிட் ரைட் 1984இல் மறுத்தார்: லேவியராகமம் 20:13இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன, தொகை அங்கிருந்து பிறந்தது என்றார். எனக்கு ரைட்டின் சொற்பிறப்பு வாதம் வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் பிறப்பு தெரிந்துவிட்டால் பயன்பாடு தெரிந்துவிடாது என்று பிறகு வந்தவர்கள் சொல்வதும் சரிதான். எப்படியானாலும் அது ஒரு செயலைச் சுட்டும் சொல்.

தன்பாலீர்ப்பு என்பதோ ஒருவரின் நிலையான ஈர்ப்பைக் குறிப்பது. அந்தக் கருத்துக்கு ஐரோப்பாவில் பெயர் கிடைத்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1869இல் ஹங்கேரிய எழுத்தாளர் கெர்த்பெனி ஜெர்மன் மொழியில் 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லை அச்சேற்றினார். 1946இல் ஆர்.எஸ்.வி. ஆங்கிலப் புதிய ஏற்பாடு வந்தபோது, இரண்டு கிரேக்கச் சொற்களையும் சேர்த்து ஒரே 'ஹோமோசெக்சுவல்ஸ்' ஆக்கினார்கள். வசனத்தைப் படித்தவர், யாரையும் தொடாமல் துறவுபோல் வாழ்கிற ஒருவரும் ஈர்ப்பு இருந்த ஒரே காரணத்தால் தேவனுடைய ராஜ்யத்துக்கு வெளியே என்று புரிந்துகொள்ள இடம் ஏற்பட்டது. பழமைவாதச் சபைகளில் பலவும்கூட அப்படிப் போதிப்பதில்லை. 1971 பதிப்பில் அதை மாற்றினார்கள். மாற்றி வைத்த சொல்லும் மெச்சத்தக்கதல்ல என்பது வேறு கதை. நாம் மரியாதையான சொல் என்று 'தன்பாலீர்ப்பாளர்' வைத்தால், 1946இல் ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் மறுபடி நடத்துகிறோம். கண்ணியத்துக்காக உருவான சொல் ஒரு குற்றப்பட்டியலில் போய் உட்காரும். கட்டுரையாசிரியர் தம் குரலில் பேசும் இடங்களில் தன்பாலீர்ப்பு என்றே எழுதுங்கள்; பவுலின் வரியில் வேண்டாம்.

அதற்கு முந்திய 'சுயபுணர்ச்சிக்காரர்' இன்னும் வேடிக்கை. கிரேக்கம் மலகோய், 'மெல்லியவர்' என்பது நேர்ப்பொருள். மத்தேயு 11:8இல் இதே சொல்லை இதே தமிழ் வேதாகமம் 'மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ' என்று பெயர்க்கிறது. மெல்லிய துணி எப்படிச் சுயபுணர்ச்சி ஆயிற்று? இடைக்கால ஐரோப்பிய ஒழுக்கவியலில் 'மென்மை' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைச் சுயபுணர்ச்சிக்குப் பெயராக வைத்திருந்தார்கள். தாமஸ் அக்குவினாஸும் அப்படித்தான் வகைப்படுத்துகிறார். அந்த விளக்கத்தின் தடம் நம் ஊர் வசனத்தில் கிடக்கிறது. 'வேதம் பிழையற்றது' என்று தமிழ்ப் பக்கத்தைத் தட்டிக்காட்டும் போதகரிடம், சிகாகோ அறிக்கை இந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்கவில்லை என்று யாராவது சொன்னால் தேவலை.

தம்பிக்கு: உங்கள் வரி, 'தன்பாலீர்ப்பு உறவை ஏற்கும் கிறிஸ்தவர்கள் விவிலியத்தின் உரையளவையைக் கைவிடுகிறார்கள் என்பது மறுதரப்பின் குற்றச்சாட்டு' என்று ஆகும். உரையளவை முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள். இரண்டு கிரேக்கச் சொற்களையும் ஒலிபெயர்த்துக் கட்டுரையின் உடலில் வைத்து, 1871 தமிழை அடிக்குறிப்பில் அப்படியே தாருங்கள். மலகோய்க்கு மட்டும் கலைச்சொல் தேட வேண்டாம். அறிஞர்களே இன்னும் பொருளில் உடன்படாத சொல்லுக்கு நாம் ஒரு தமிழை ஆணியடித்தால், அதைப் பிடுங்க அடுத்த தலைமுறை பாடுபடும்.

வழாநிலை, நெறிபிறழாமை இரண்டுக்கும் மாற்று இருப்பவர்கள் இழையிலேயே எழுதுங்கள். உரையளவைக்கு அக்காவின் மறுப்பு நிற்கிறதா, விலகிவிட்டதா?

அன்புடன்