ரூஃப் போட்டு 8 நாள் ஆச்சு, நாளைக்கு சென்ட்ரிங் பிரிக்கலாமா? அவசரம்

வாசப்படி (திங்கள், மாலை 6:12)
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கான்ட்ராக்டருக்கு விடாம சொந்தமா நின்னு வீடு கட்டுறோம், சாமான் எல்லாம் நாங்களே வாங்கிக் குடுக்குறோம், மேஸ்திரிக்கு கூலி மட்டும். போன ஞாயித்துக்கிழமை ரூஃப் போட்டாச்சு. மறுநாள் காலைல ஏறிப் பாத்தா மேல அங்கங்க வெடிப்பு. சிமெண்ட் பால் ஊத்துனா போயிடும்னு மேஸ்திரி ஊத்திட்டார். இப்ப சென்ட்ரிங்காரர் (தளத்தைத் தாங்க அடியில முட்டும் இரும்பு சீட்டும் அடிச்சுக் குடுத்தவர்) அடுத்த சைட்டுக்கு அந்த சீட்டு வேணும், நாளைக்கு காலைல ஆளோட வந்து பிரிச்சுருவேன்னு நிக்கிறார், மேஸ்திரியும் 7 நாள் போதும், சரிங்கிறார், பிளான் போட்ட இன்ஜினியர் போனே எடுக்கல. பிரிக்கலாமா வேணாமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கடக்கால் (6:20)
பயப்படாம பிரிங்க ப்ரோ. எங்க வீட்ல 6ம் நாளே பிரிச்சாங்க, 11 வருசமா நிக்குது.

மட்டப்பலகை (6:31)
ரூம் அளவு என்ன? பீம் இருக்கா, எத்தனை அடி நீளம்? வெளிய பால்கனி மாதிரி தொங்குற தளம் ஏதும் இருக்கா? சிமெண்ட் மூட்டைல ஓபிசின்னு (சாதா சிமெண்ட்) போட்டிருந்துச்சா பிபிசியா (சாம்பல் மாதிரி கலந்த சிமெண்ட்)? வெடிப்பு எத்தனை மணிக்கு கண்ணுல பட்டுச்சு, எப்ப இருந்து தண்ணி கட்டுனீங்க? இதெல்லாம் தெரியாம பிரின்னும் சொல்ல முடியாது பிரிக்காதேன்னும் சொல்ல முடியாது.

ஆத்துமணல் (6:40)
எம் சாண்ட் (கல்லை உடைச்சு எடுக்கற மணல்) போட்டிருப்பீங்க, வேற என்ன. கிரஷர் தூசியை மணல்னு விக்கிறாங்க. எங்க அப்பா காலத்துல ஆத்து மணல்ல போட்ட தளத்துல ஒரு முடி அளவு வெடிப்பு கிடையாது.

பழைய கொத்து (6:58)
இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது, தேடிப் பாத்தா பத்து பதில் கிடைக்கும், அதுக்குப் பொறுமை இல்லாதவங்க எல்லாம் சொந்தமா வீடு கட்ட இறங்கிடுறாங்க. நான் 26 வருசமா இதே தொழில்ல இருக்கேன். தளம்னா 21 நாள். 20ம் நாள் கேட்டாலும் கூடாதுன்னுதான் சொல்லுவேன். கான்ட்ராக்டர் லாபத்தை மிச்சம் பண்றேன்னு இறங்குனா அந்த லாபம் எதுக்குன்னு இப்பத் தெரியும் தம்பி.

வாசப்படி (7:25)
தம்பி இல்லீங்க, நான் பொண்ணு. வீட்டுக்காரர் குவைத்ல இருக்கார், நானும் அம்மாவும்தான் நின்னு பாக்குறோம். அறந்தாங்கி பக்கம் ஊர். 950 சதுர அடி, 5 இன்ச் தளம். ஹால் 16க்கு 12, மத்த ரூம் எல்லாம் 10, 11 அடிதான். ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவுல சுவர் இல்ல, 16 அடி பீம் ஒண்ணு போகுது. முன்னாடி மூணரை அடி பால்கனி வெளிய வருது. மூட்டைல பிபிசின்னு இருக்கு. காலைல 7 மணிக்கு ஆரம்பிச்சு மதியம் 3 ஆச்சு. வெடிப்பு சாயந்தரமே இருந்துச்சோ என்னமோ, நான் மறுநாள் காலைலதான் பாத்தேன். தண்ணியும் மறுநாள்ல இருந்துதான்.

கடக்கால் (7:31)
சாரி தங்கச்சி, பீம் இருக்கறது தெரியாம சொல்லிட்டேன். எங்க வீட்ல பீம் இல்ல.

மட்டப்பலகை (8:04)
இப்பப் பேசலாம். முதல்ல வெடிப்பு. ஆடிக் காத்து, வெயில், மதியம் வரைக்கும் போட்ட தளத்தை ராத்திரி பூரா சும்மா விட்டா மேல் தோல் சீக்கிரம் காஞ்சு சுருங்கி வெடிக்கும். ரெண்டு மூணு அடி நீளத்துல கோணலா, ஒண்ணுக்கொண்ணு சேராம, நகம் நுழையாத அளவுக்கு இருந்தா அநேகமா அதுதான், தளம் விழுந்துராது. போட்ட அன்னைக்கே மேல தார்ப்பாயோ ஈரச் சாக்கோ போட்டிருந்தா இது வந்தே இருக்காது. ஆனா வெடிப்பு பீமுக்கு நேர் மேலயோ, பால்கனி வீட்டுச் சுவரோட சேர்ற இடத்துலயோ நீளமா ஒரே கோடா ஓடுனா அது வேற விசயம். எங்க இருக்குன்னு பாருங்க. பாத்தில தண்ணி நிக்கும்போது கீழ எங்கயாவது சொட்டுதான்னும் பாருங்க.

அடுத்து நாள் கணக்கு. கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிப் புஸ்தகம் ஐஎஸ் 456ல இருக்கறது இதுதான்: நாலரை மீட்டருக்குள்ள இருக்கற தளத்துக்கு முட்டு 7 நாள், அதுக்கு மேலன்னா 14. பீம் 6 மீட்டர் வரைக்கும் 14 நாள், அதுக்கு மேல 21. இதெல்லாம் ஓபிசிக்கு. பிபிசி ஆரம்பத்துல மெதுவாத்தான் பலம் பிடிக்கும், அதனால இன்னும் சில நாள் கூட்டிக்கணும். உங்க மேஸ்திரி சொல்ற 7 நாள் எங்கயோ கேட்டதுதான், சின்ன ரூமுக்கு பொருந்தும். உங்க 16 அடி பீமுக்கும் பால்கனிக்கும் பொருந்தாது. நாளைக்கு பிரிக்க விடாதீங்க.

பழைய கொத்து (8:15)
புஸ்தகத்தை வச்சு வீடு கட்ட முடியாது. 21ன்னா 21.

மட்டப்பலகை (8:19)
அண்ணே, 21 நாள் விட்டா நல்லதுதான், நான் வேணாங்கல. அந்தப் பொண்ணு நாளைக்கு காலைல சென்ட்ரிங்காரர் முன்னாடி நிக்கணும், கையில ஒரு காரணம் வேணும்ல.

நாலுகால் (8:40)
அக்கா, வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்து பேசுனாத்தான் சென்ட்ரிங்காரங்க கேப்பாங்க. மாமா யாரையாவது கூட்டிட்டுப் போங்க.

சித்தாள் மக (8:52)
என்னங்க பேச்சு இது. எங்க அம்மா 30 வருசம் சித்தாள் வேலை பாத்தவங்க, கலவை சட்டில விழுற சத்தத்தை வச்சே தண்ணி ஜாஸ்தின்னு சொல்லிடுவாங்க. பேலன்ஸ் பணம் யார் கையில இருக்கோ அவங்க சொன்னாக் கேப்பாங்க. வாசப்படி, சென்ட்ரிங்காரருக்கு முழுப் பணமும் குடுத்துட்டீங்களா?

வாசப்படி (9:10)
பாதி குடுத்திருக்கேன், மீதி பிரிச்சதும்னு பேச்சு. வெடிப்பு அதிகமும் ஹால் மேலதான், கோணலா இருக்கு, மாடிப்படி பக்கம் ரெண்டு. பால்கனி பக்கம் ஒண்ணும் இல்ல. ஹால்ல ஒரு இடத்துல சொட்டுது, ஆனா அது சீட்டு இடுக்கு மாதிரி தெரியுது. இன்னொண்ணு, மேஸ்திரி வேலையில நேர்மையான ஆள்தாங்க. ரூஃபுக்குன்னு 100 மூட்டை இறக்குனேன், 18 மூட்டை மிச்சம் பண்ணிக் குடுத்தார். காலி சாக்கை நானே எண்ணிப் பாத்தேன், 82.

மட்டப்பலகை (9:34)
அங்கதாங்க எனக்கு இடிக்குது. 950 சதுர அடி, 5 இன்ச்னா 396 கன அடி, பீம் எல்லாம் சேத்து 430 வச்சுக்கோங்க, 12 கன மீட்டர் சொச்சம். எம்20 கிரேடு கான்கிரீட்டுக்கு, அதாவது சிமெண்ட் ஒண்ணுக்கு மணல் ஒண்ணரை, ஜல்லி மூணு கலவைக்கு, கன மீட்டருக்கு 8 மூட்டை பக்கம் போகும். 97 மூட்டை வரணும், உங்களுக்கு 82தான் போயிருக்கு. அது ஒண்ணு ரெண்டு நாலுக்குப் பக்கத்துல வர்ற கணக்கு. 18 மூட்டை மிச்சம் இல்லங்க, தளத்துக்குள்ள போகாம வெளிய நிக்குது. மிக்சர்ல தண்ணி எப்படி ஊத்துனாங்க, அளந்தா, ஹோஸ நேரா வச்சா?

வாசப்படி (9:41)
ஹோஸ்தான். கலவை நல்லா ஓடணும் அப்பத்தான் கம்பிக்கு அடியில போகும்னாங்க. ஐயோ நான் சந்தோஷப்பட்டு எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தேனே.

மட்டப்பலகை (9:55)
எம்20க்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல தண்ணி போகக் கூடாது. கம்பிக்கு அடியில கலவையைக் கொண்டுபோறது வைப்ரேட்டரோட வேலை, தண்ணியோட வேலை இல்ல. பதறாதீங்க, இதனால இடிஞ்சு விழும்னு அர்த்தம் இல்ல. ஆனா பலம் கம்மியா இருக்க வாய்ப்பு இருக்கு, அதனாலதான் நாள் கூட விடணும்ங்கிறேன். சின்ன ரூம் 14 நாள், பீமும் பால்கனியும் 21 நாள், தண்ணி 14 நாளும் பாத்தில நிக்கணும். பிரிக்கும்போது ரூம்ல நடுவுல இருக்கற முட்டுக்கம்பை முதல்ல எடுத்துட்டு ஓரத்துக்கு வரணும், பால்கனில வெளி நுனில ஆரம்பிச்சு சுவர் பக்கம் வரணும். மாத்திப் பண்ணா தளம் நாம நினைக்காத பக்கம் வளையும். செங்கல், மணல் எதையும் மேல குவிக்க விடாதீங்க. பக்கத்துல இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில் லேப் இருந்தா ரீபவுண்ட் ஹேமர் (கான்கிரீட்டைத் தட்டி பலம் பாக்கற கருவி) வச்சுப் பாக்கச் சொல்லுங்க, அது 25 சதவீதம் முன்ன பின்ன காட்டும், இருந்தாலும் ஒண்ணும் தெரியாம இருக்கறதுக்கு அது மேல். அப்புறம் பால்கனில கம்பி மேல் பக்கம் இருந்துச்சா? ஆளுங்க நடந்து மிதிச்சு கீழ இறங்கியிருந்தா அதுதான் எல்லாத்தையும் விட மோசம். கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?

ஆத்துமணல் (10:02)
எம் சாண்ட் தண்ணி ஜாஸ்தி குடிக்கும், அதைத்தான் நான் மொதல்லயே சொன்னேன்.

பழைய கொத்து (10:10)
ஃபுல் கான்ட்ராக்ட்ல குடுத்திருந்தா இந்த 18 மூட்டை பேச்சே வந்திருக்காது.

சித்தாள் மக (10:16)
ஆமா, வந்திருக்காது, அடுத்த சைட்டுக்குப் போயிருக்கும். இவங்க சொந்தமா வாங்குனதாலதான் சாக்கை எண்ணுனாங்க, எண்ணுனதாலதான் கணக்கு தெரிஞ்சுது.

பழைய கொத்து (10:21)
எல்லா கான்ட்ராக்டரையும் திருடன்னு சொல்லாதீங்கம்மா. நான் போட்ட தளத்துல எண்ணிப் பாருங்க.

சித்தாள் மக (10:24)
உங்களைச் சொல்லல. கூலிக்கு நிக்கிறவங்களுக்கு மூட்டை மிச்சமானா ஓனர் சந்தோஷப்படுவாங்கன்னு தெரியும், யாரும் திருடணும்னு இல்ல. கலவை இதுதான்னு முன்னாடியே பேசி சட்டிக் கணக்கை செவுத்துல எழுதி வச்சிருக்கணும்.

நாலுகால் (10:30)
அப்ப இன்ஜினியர் எதுக்கு? பிளான்ல கையெழுத்துக்கு மட்டுமா? ரூஃப் போடுற அன்னைக்கு கூட வரலையா?

கடக்கால் (10:33)
எங்க ஊர்லயும் அதே கதைதான் ப்ரோ. லிண்டலுக்கு (கதவு, ஜன்னல் மேல போடுற கான்கிரீட்) ஒரு தடவை வந்தார், அதுவும் வழில வேற வேலை இருந்ததால. ரூஃபுக்கு வந்து கம்பி செக் பண்ண தனி காசு பேசணுமாம்.

(இதுக்கப்புறம் இன்ஜினியர் ஃபீஸ் பத்தி ரெண்டு நாள் சண்டை நடந்துச்சு, வாசப்படி பக்கம் சத்தமே இல்ல.)

மட்டப்பலகை (வியாழன், காலை 7:15)
வாசப்படி, செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு? போட்டோ கேட்டிருந்தேன்.

வாசப்படி (அதுக்கடுத்த செவ்வாய், இரவு 9:48)
எல்லாரும் மன்னிக்கணும், அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. சென்ட்ரிங்காரருக்கு நாள் வாடகைன்னு 3000 கூடப் பேசி நிறுத்திட்டேன், கத்துனார், மீதிப் பணம் என்கிட்டதானேன்னதும் போயிட்டார். இன்னைக்கு சின்ன ரூம் மட்டும் பிரிச்சாங்க, நல்லாருக்கு. பீமுக்கும் பால்கனிக்கும் முட்டு அப்படியே இருக்கு, பீம் பக்கவாட்டுப் பலகை மட்டும் எடுத்துருக்காங்க. அங்க ஒரு இடத்துல கை அகலத்துக்கு ஜல்லி வெளிய தெரியுது, உள்ள கம்பி கூட லேசா தெரியற மாதிரி இருக்கு. நாளைக்கு கலவை வச்சு பூசிடுறேன்னு மேஸ்திரி சொல்றார். போட்டோ அப்புறம் போடுறேன்.

மட்டப்பலகை (9:52)
பூச விடாதீங்க. பூசிட்டா உள்ள எவ்வளவு ஆழம்னே தெரியாமப் போயிடும். சின்ன உளி வச்சு லூசா இருக்கற ஜல்லியைத் தட்டிப் பாக்கச் சொல்லுங்க, முட்டு மேல மட்டும் கை வைக்க வேணாம். முதல்ல போட்டோ போடுங்க.

பழைய கொத்து (9:58)
போட்டோ இல்லாம அபிப்பிராயம் சொல்றதில்ல. ஆனா அவர் சொல்றது சரி, பூசாதீங்க. எந்த ஏரியான்னு சொன்னீங்க, அறந்தாங்கியா? எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் அங்க இருக்கான், தனியா மெசேஜ் பண்ணும்மா.

மட்டப்பலகை (புதன், காலை 6:40)
வாசப்படி? மேஸ்திரி வர்றதுக்கு முன்னாடி பாத்துருங்க.

திண்ணை (சனி, மதியம் 1:05)
இதே மாதிரி எனக்கும் ஒரு சந்தேகம். செப்டிக் டேங்க் மூடி போட்டு 3 நாள் ஆச்சு, மேல பைக் நிறுத்தலாமா?