நிமோகாக்கஸ் உறை பற்றி ஒரு சந்தேகம், கூடவே படங்களும் வேண்டும்

நுண்ணுயிரியல் படித்தவர்கள், லேபில் வேலை பார்ப்பவர்கள் யாராவது கைகொடுங்கள். கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு, நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியாவான நிமோகாக்கஸ் பற்றிப் பாடம் எடுக்கிறேன். 1928இல் கிரிஃபித் வெளியிட்ட எலிச் சோதனையில் தொடங்குகிறேன்: சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன உறை கொண்ட, வழவழவென்று பளபளக்கும் காலனியாக (கிருமிக் கூட்டமாக) வளரும் வகை எலியைக் கொன்றது, உறையில்லாத சொரசொரப்பு வகை கொல்லவில்லை. உறை இருந்தால் வெள்ளணுக்களால் கிருமியை எளிதில் விழுங்க முடிவதில்லை. நிமோகாக்கஸுக்கு எதிராகக் குழந்தைகளுக்குப் போடும் பிசிவி தடுப்பூசியும் இந்த உறையைத்தான் குறிவைக்கிறது. இதுவரை பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிகிறது.

சிக்கல் அடுத்ததில்தான். அதே தடித்த உறை, அடியில் இருக்கும் ஒட்டும் புரதங்களையும் மூடிவிடுகிறது. அதனால் மூக்கு, தொண்டையில் ஒட்டும்போது உறை மெலிந்த வடிவமும், ரத்தத்தில் தடித்த வடிவமும் ஓங்குகின்றன என்று படித்தேன். ஒரே கிருமி இப்படி மாறிமாறி வருவது மரபணு அளவில் எப்படி நடக்கிறது? இளங்கலை மாணவருக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்களேன்.

இன்னொன்று, இந்தியா இங்க் என்ற கருப்பு மை போட்ட ஸ்லைடில் கருத்த பின்னணியில் கிருமியைச் சுற்றி உறை வெளிர் வளையமாகத் தெரியுமே, அப்படி நீங்களே எடுத்த படம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். உங்கள் பெயர் போட்டே வகுப்பில் காட்டுகிறேன். திங்கட்கிழமைக்குள் கிடைத்தால் பேருதவி.