1:24 கிரவுன் விக்டோரியா காவல் கார்: லைட் பாரில் நீலம் எரியவில்லை, டிக்கி மூடியில் டிகால் வெளுக்கிறது

கேள்வி

வணக்கம். 1:24 அளவில் போர்டு கிரவுன் விக்டோரியா காவல் காரின் மாதிரி ஒன்றைக் கருப்பு வெள்ளை வண்ணத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். வண்ணப் பூச்சு திருப்தியாக அமைந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு இடங்களில் வேலை நின்றுபோயிருக்கிறது.

முதலாவது லைட் பார், அதாவது கூரை மேல் இருக்கும் எச்சரிக்கை விளக்குப் பட்டை. ஒளிபுகும் மூடிக்குள் 0603 அளவு எஸ்.எம்.டி எல்.இ.டிக்களில் (கால்கள் இல்லாத மிகச் சிறிய வகை) சிவப்பு மூன்றும் நீலம் மூன்றும் வைத்து, ஆறின் நேர்முனைகளையும் ஒரு கம்பியிலும் எதிர்முனைகளையும் இன்னொரு கம்பியிலும் சேர்த்துப் பற்றவைத்து, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக 5 வோல்ட் யு.எஸ்.பி மின்சாரம் கொடுத்தேன். சிவப்பு கண் கூசும் அளவுக்கு எரிகிறது. நீலத்தில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. பற்றவைப்பதற்கு முன்பு மல்டிமீட்டரின் டயோடு நிலையில் சோதித்தபோதும் சிவப்பு மெல்ல ஒளிர்ந்தது, நீலம் ஒளிரவே இல்லை. நீல எல்.இ.டி அத்தனையும் பழுதானவையா? தவிர, விளக்கு எரியும்போது ஒளி கீழே கசிந்து, கூரை பிளாஸ்டிக்கே சிவந்து தெரிகிறது.

இரண்டாவது டிகால். டிக்கி மூடியின் கருப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து வாட்டர் ஸ்லைடு டிகாலை (நீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்) ஒட்டினேன். ஈரமாக இருந்தவரை எந்தக் குறையும் தெரியவில்லை. காய்ந்த பிறகு எழுத்துகளைச் சுற்றிப் பனி படர்ந்தாற்போல ஒரு வெள்ளிப் பூச்சு தெரிகிறது. அடியில் இருப்பது செமி கிளாஸ் (அரைப் பளபளப்பு) கருப்பு அக்ரிலிக். அதன் மேல் கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) எதுவும் அடிக்கவில்லை. டிகாலை உரிக்காமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி 1

உங்கள் நீல எல்.இ.டிக்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிவப்பு எல்.இ.டி ஏறக்குறைய 2 வோல்ட்டில் எரியத் தொடங்கிவிடும், நீலத்துக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். இரண்டையும் இணையாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டரைப் போடும்போது, சிவப்பு எரிந்த மாத்திரத்தில் அந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான மின்னழுத்தம் 2 வோல்ட் அளவிலேயே நின்றுவிடுகிறது. நீலம் விழித்துக்கொள்ளத் தேவையான அழுத்தம் அதற்குக் கிடைப்பதே இல்லை. மீதி 3 வோல்ட் 100 ஓமில் விழுவதால் ஓடும் 30 மில்லி ஆம்பியர் முழுவதையும் மூன்று சிவப்புகளே பங்கிட்டுக்கொள்கின்றன. கண் கூசுவதற்குக் காரணம் அதுதான்.

மல்டிமீட்டர் சோதனையை வைத்தும் முடிவுக்கு வர வேண்டாம். பல மீட்டர்கள் டயோடு நிலையில் 3 வோல்ட்டுக்கும் குறைவாகவே தருகின்றன. அந்த அழுத்தத்தில் சிவப்பு ஒளிரும், நீலமும் வெள்ளையும் செத்ததைப் போலக் கிடக்கும். 5 வோல்ட்டுடன் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையில் சேர்த்துத் தனியாகத் தொட்டுப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

தீர்வு, ஒவ்வொரு எல்.இ.டிக்கும் தனி ரெசிஸ்டர் என்பதே. 5 வோல்ட்டில் 1 கிலோ ஓம் போட்டால் சிவப்பில் 3 மில்லி ஆம்பியரும் நீலத்தில் 2 மில்லி ஆம்பியரும் ஓடும். உண்மையான காரில் 48 அங்குலம் இருக்கும் லைட் பார் உங்கள் அளவில் 51 மில்லிமீட்டர்தான். அதற்குள் எல்.இ.டி ஒவ்வொன்றிலும் 20 மில்லி ஆம்பியரைச் செலுத்தினால் காவல் காரைப் போலவா இருக்கும், கலங்கரை விளக்கத்தைப் போல இருக்கும். ரெசிஸ்டர்களை லைட் பாருக்குள் திணிக்க வேண்டியதில்லை. நேர்முனைகளைப் பொதுவாக வைத்து, எதிர்முனைகளிலிருந்து ஆறு மெல்லிய எனாமல் கம்பிகளைக் கீழே இறக்கி, ரெசிஸ்டர்களைப் பின்னிருக்கைக்கு அடியில் ஒரு சிறிய பலகையில் வைத்துக்கொள்ளலாம். 0.1 மில்லிமீட்டர் கம்பி என்றால் ஏழும் சேர்ந்து நடுத்தூணின் உட்பக்கத்தில் படுத்துவிடும். மேலே கருப்பு பூசினால் கண்ணுக்கே தெரியாது. எனாமலைப் பிளேடால் சுரண்டும்போது கம்பி அறுந்துபோகும். சால்டரிங் முனையில் உருகிய ஈயத் துளி ஒன்றை வைத்து, அதற்குள் கம்பி நுனியைச் சற்று நேரம் பிடித்தால் பூச்சு எரிந்து விலகி, நுனியில் ஈயம் பளபளவென்று பற்றியிருக்கும். பளபளப்பு வராத நுனியைப் பற்றவைக்காதீர்கள்.

ஒளிக்கசிவுக்கு, கூரையின் உட்பக்கத்திலும் லைட் பாரின் அடித்தட்டிலும் முதலில் கருப்பு, அதன் மேல் வெள்ளி பூசுங்கள். கருப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளி அதை மேல்நோக்கித் திருப்பும். மூடியை ஒட்டும்போது சூப்பர் குளூவைத் தொடவே வேண்டாம். அதன் ஆவி ஒளிபுகும் பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். காய்ந்தால் தெளிவாகிவிடும் பி.வி.ஏ பசை போதும்.

மறுமொழி 2

மின்சுற்றைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. நான் டிகாலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் காணும் வெள்ளி நிறம், படலத்துக்கும் வண்ணத்துக்கும் இடையில் சிக்கிய காற்று. செமி கிளாஸ் பரப்பு கைக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் நுணுக்கமான மேடுபள்ளங்கள் உடையது. டிகாலின் படலம் மேடுகளின் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டு பள்ளங்களில் காற்றை விட்டுவைக்கிறது. ஈரம் இருந்தவரை அந்த இடத்தை நீர் நிரப்பியிருந்ததால்தான் குறை தெரியவில்லை.

உரிக்க வேண்டியதில்லை. மிகக் கூர்மையான ஊசியால், எழுத்துகளின் மேல் படாமல், வெளுத்த இடங்களில் மட்டும் நெருக்கமாகக் குத்துங்கள். பிறகு மைக்ரோ சால் போன்ற டிகால் மென்மையாக்கும் திரவத்தைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவுங்கள். திரவம் துளைகளின் வழியே உள்ளே இறங்கிக் காற்றை வெளியேற்றும். படலம் சுருங்கிக் கோணலாகிப் பயமுறுத்தும். அந்த நேரத்தில் விரலையோ பஞ்சையோ அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது. காயும்போது தானே இழுத்துக்கொண்டு படிந்துவிடும். முழுவதும் காய்ந்த பிறகும் வெளுப்பு மிஞ்சியிருந்தால் அதே முறையைத் திரும்பச் செய்யலாம். சிலவகைத் திரவங்கள் அக்ரிலிக் வண்ணத்தையும் இளக்கிவிடக் கூடியவை என்பதால், முதலில் காரின் அடிப்பகுதியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்.

கதவுகளின் டிகால்களை இன்னும் ஒட்டவில்லை என்றால், முதலில் பளபளப்பான கிளியர் கோட் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். விமானம் கட்டுபவர்கள் கடைசியில் பளபளப்பை மறைக்க மேட் பூச வேண்டியிருக்கும். கார் கட்டுகிற நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. டிகாலின் மேல் இறுதிக் கிளியர் கோட் அடிக்கையில், அது லாக்கர் வகையாக இருந்தால், முதல் சில பூச்சுகள் தூவினாற்போல இருக்கட்டும். எடுத்த எடுப்பிலேயே ஈரமாக அடித்தால் லாக்கர் டிகாலைக் கடித்துவிடும்.

மறுமொழி 3

ஒரு சிறு சேர்ப்பு. இந்தக் கார் எந்த மாநிலத்துக்குரியது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. கலிபோர்னியா என்றால் ஆறு விளக்குகளையும் மாற்றி மாற்றி மின்னவிட்டால் தவறாகிவிடும். அந்த மாநிலச் சட்டப்படி அவசர ஊர்தியின் முன்பக்கத்தில், 1,000 அடித் தொலைவிலிருந்து தெரியும்படி, குறைந்தது ஒரு சிவப்பு விளக்காவது விட்டுவிட்டு மின்னாமல் நிலையாக எரிய வேண்டும். முன்நோக்கிய சிவப்பு ஒன்றைப் பிளாஷர் சுற்றோடு சேர்க்காமல் நேரடியாக மின்சாரத்தில் இணைத்தால் காரியம் முடிந்தது.

மின்னும் விதமும் காலத்தைப் பொறுத்தது. கிரவுன் விக்டோரியாவின் உற்பத்தி 2011-இல்தான் நின்றது. ஆகவே சுழலும் விளக்கு வைத்த பாரும் எல்.இ.டி பாரும் அதன் கூரையில் ஏறியிருக்கின்றன. சுழல்விளக்கு பாரை வைத்திருப்பவர் வெட்டி வெட்டி மின்னும் ஒளியைக் கொடுத்தால் என் கண்ணுக்கு அது பொம்மையாகவே படுகிறது. சுழல்விளக்கில் ஒளி ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். 555 என்னும் டைமர் ஐ.சி-யால் எளிதாகச் செய்யக்கூடியது வெறும் அணைப்பு-எரிப்புதான். ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால் ஏடிடைனி85 போன்ற சிறு மைக்ரோகன்ட்ரோலரில் பி.டபிள்யூ.எம் முறையில் (விளக்கை மிக வேகமாக அணைத்து எரித்துப் பொலிவைக் கூட்டிக் குறைப்பது) எழுதிக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தனித்தனி 1 கிலோ ஓம் போட்டதும் நீலம் மூன்றும் எரிந்துவிட்டன, எல்.இ.டிக்களின் மேல் பழி ஏதும் இல்லை. கூரையின் ஒளிக்கசிவும் நின்றது. டிக்கி மூடியில் வெளுப்பு பெரும்பாலும் மறைந்து, கடைசி எழுத்தின் உள்வளைவில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி இருக்கிறது. அதற்குத் திரவம் இன்னொரு முறை தடவ வேண்டும். கார் கலிபோர்னியாவுக்குரியதுதான், ஆகவே முன் சிவப்பு ஒன்றைத் தனியே பிரித்துவிடுகிறேன்.

புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. இப்போதைக்கு எல்லா விளக்குகளையும் நிலையாக எரியவிட்டுப் பார்க்கிறேன். சார்ஜரில் இணைத்தால் எரிந்துகொண்டே இருக்கின்றன. பவர் பேங்கில் இணைத்தால் சற்று நேரத்தில் ஆறும் ஒருசேர அணைந்துவிடுகின்றன. பொத்தானை அழுத்தினால் மறுபடி எரிந்து, மறுபடி அணைகின்றன. எங்கேனும் ஷார்ட் ஆகிறதா?

மறுமொழி 1

ஷார்ட் இல்லை. உங்கள் சுற்று மொத்தமாக எடுப்பது ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர். பல பவர் பேங்குகள் இவ்வளவு சிறிய சுமையைக் கண்டால், கைபேசி சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு தம்மையே அணைத்துக்கொள்ளும். அதை ஏமாற்றுவதற்காகக் கூடுதல் சுமை கொடுத்து மின்சாரத்தை வீணாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காட்சிப் பெட்டியின் அடியில் மூன்று ஏஏ பேட்டரிகள் கொண்ட பெட்டி ஒன்றைச் சுவிட்சுடன் வையுங்கள். 4.5 வோல்ட்டில் சிவப்புக்கு இப்போதிருக்கும் 1 கிலோ ஓமே போதும். நீலத்துக்கு மட்டும் 680 ஓமாக மாற்றினால் இரண்டின் பொலிவும் ஓரளவு சமமாகும். பேட்டரி தேயத் தேய நீலம்தான் முதலில் மங்கும். அப்போது பற்றவைத்த இடங்களைக் குடையாமல், பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.