கரி தீவு ஏரிகள்: நீச்சல் தெரியாதவன் போகலாமா?

கேள்வி: பிரிஸ்பேனில் படிக்கிறேன். வகுப்பு நண்பர்களோடு இந்த வார இறுதியில் கரி தீவுக்குக் குழுச் சுற்றுலா (2023 வரை ஃபிரேசர் தீவு என்றார்களே, அதேதான்). எனக்கு நீச்சல் தெரியாது. வெறும் ஏரி பார்க்க இவ்வளவு செலவு தேவையா?

பதில் 1: தாராளமாகப் போங்கள். மெக்கன்சி ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்றாலே கால் நகம் வரை தெரியும். முழுக்க மழைத்தண்ணீர், ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை, இலைதழை மக்கி மணலோடு இறுகிய அடித்தளம்தான் அதைக் கீழே இறங்காமல் தாங்குகிறது. அதனால் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்காதீர்கள், அது வெளியேற வழியில்லை. முழுக்கைச் சட்டை போதும்.

பதில் 2: வாபி ஏரிக்குக் கடற்கரையிலிருந்து முக்கால் மணி நேர நடை, செருப்பில்லாமல் போய் உள்ளங்கால் வெந்துபோனது எனக்கு. மணல்மேடு கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஏரியை மூடிக்கொண்டு வருகிறது. மேட்டிலிருந்து ஓடிவந்து தண்ணீரில் குதிக்காதீர்கள், கழுத்தில் அடிபட்டவர்கள் உண்டு. அங்கே சட்டென்று ஆழமாகிவிடும், நீங்கள் கரையிலேயே இருங்கள்.

பதில் 3: டிங்கோ என்ற காட்டு நாய்களை மறந்துவிட்டீர்களே! மெக்கன்சி கரைக்குத் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது, வேலி போட்ட இடத்தில்தான் சாப்பிட வேண்டும்.

கேட்டவர்: சரி, அப்போ அம்மா அனுப்பிய முறுக்கு வண்டியிலேயே இருக்கட்டும்.