பாகூர், கடலூர் ரெண்டுலயும் ஒரே லோக்கல் சேனல்: பதிவு யார் பேர்ல?

கெடிலக்கரை:
புதுச்சேரிப் பக்கம் பாகூர்ல 300 கேபிள் டி.வி. இணைப்பு, ஆல்பேட்டை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் கடலூர்ல 200. தபால் ஆபீஸ்ல போட்ட எல்.சி.ஓ. (உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்) பதிவு காலாவதியாயிடுச்சு. கோயில் திருவிழா, ஊர்ச் செய்தி, கடை விளம்பரம் போட லோக்கல் சேனல் தொடங்கணும். ரெண்டு பக்கமும் எம்.எஸ்.ஓ. (எங்களுக்குச் சேனல்களைத் தர்ற பெரிய ஆபரேட்டர்) வேற வேற. தனித்தனிப் பதிவு வேணுமா? ஒரே சேனலை ரெண்டுலயும் ஓட்டலாமா?

உப்பனாறு:
எல்.சி.ஓ. பதிவு ஒண்ணு போதும். 17.01.2025 முதல் தபால் ஆபீஸ் கிடையாது, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தோட பிராட்காஸ்ட் சேவா இணையதளம்தான். கட்டணம் 5,000 ரூபாய், 5 வருஷம், இந்தியா முழுக்கச் செல்லும். ஆதார், பான் ரெண்டுலயும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கான்னு முதல்ல பாருங்க. அடுத்த புதுப்பிப்புக்கு 90 நாள் முன்னாடியே விண்ணப்பம் போயிருக்கணும். பதிவு இல்லாம ஓட்டினா கருவிகளைப் பறிமுதல் பண்ணச் சட்டத்துல இடம் இருக்கு.

தென்பெண்ணை:
லோக்கல் சேனலுக்கு விதியில பேரு பிளாட்ஃபார்ம் சர்வீஸ். பதிய வேண்டியது நீங்க இல்ல, எம்.எஸ்.ஓ. சேனலுக்கு 1,000 ரூபாய், ஒரே தடவை. அமைச்சகத்தோட 30.11.2022 வழிகாட்டு நெறிகள்படி அந்த நிகழ்ச்சி அவரோட சந்தாதாரருக்கு மட்டும்தான், இன்னொரு எம்.எஸ்.ஓ.வுக்குக் கொடுக்கக்கூடாது. வழிபாட்டுத் தலத்து நேரலைக்கு மட்டும் விலக்கு. கடலூர் பாடலீஸ்வரர் கோயில்லேர்ந்து வைகாசித் திருவிழாவை நேரலையா ரெண்டு பக்கமும் காட்டலாம். ரெக்கார்ட் பண்ணி மறுநாள் போட்டா அது நேரலை ஆகாது. மத்ததுக்கு ரெண்டு ஊரையும் ஒரே எம்.எஸ்.ஓ. கீழ கொண்டுவாங்க.

ஊர்ச் செய்தின்னா எம்.எஸ்.ஓ. கம்பெனியா பதிவாகியிருக்கணும். தனியாள் நடத்துறதுன்னா செய்தியைத் தொடாதீங்க. சினிமாப் பாட்டுக்கும் உரிமம் வேணும்.

கெடிலக்கரை:
நன்றி சார். கடை விளம்பரத்தைக் கீழ ஸ்க்ரோலா ஓட்டலாமா?

உப்பனாறு:
கூடாது. கேபிள் விதி 7 பாருங்க: நிகழ்ச்சி ஓடும்போது திரையோட கீழ்ப்பகுதியில விளம்பர வரி ஓடவும் கூடாது, நிக்கவும் கூடாது. பார்க்கிறவங்களுக்கு எது நிகழ்ச்சி, எது விளம்பரம்னு தெரியணும், அதுக்குத்தான் இந்த விதி. விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிஷம், அதுல 2 நிமிஷம் உங்க சேனலோட சொந்த விளம்பரத்துக்கு.

தென்பெண்ணை:
ஒளிபரப்பின நிகழ்ச்சியோட ரெக்கார்டிங்கை 90 நாள் வச்சிருக்கணும், அதை மறக்காதீங்க. வீடியோ 2 எம்.பி.பி.எஸ்., ஆடியோ 128 கே.பி.பி.எஸ்.னா நாளுக்குச் சுமார் 23 ஜி.பி. 90 நாளுக்கு 2,068 ஜி.பி. 2 டி.பி. டிஸ்க் 87-ஆம் நாளே நிரம்பி, பழசை அழிச்சு மேல எழுதும். 4 டி.பி. போடுங்க. என்கோடரை (சேனலை ஒளிபரப்புக்கு மாத்தி அனுப்புற கருவி) மட்டும் யு.பி.எஸ்.ல மாட்டிட்டு ரெக்கார்டரை விட்டுடாதீங்க. கரண்ட் போனா ஒளிபரப்பு ஓடும், ரெக்கார்டிங் நின்னுபோகும்.